விலக்காமல் விட்ட திரை

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. மன்னாரில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்துவிடுவேன். கல்யாணத்துக்கு முன் என் மனைவிக்கு எழுதிய கடிதங்கள்கூட அரைத்தாளைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவன் இதை எழுதக் காரணம், காஸ் வேலைக்கு லைசென்ஸ் எடுக்கப் படிக்கும் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகள். போன மாதம் வீட்டுக்கு வந்து, "அண்ணை, உங்கட காலத்துக் கதை ஏதும் எழுதித் தாங்கோ, எங்கட மலரில போடுவம்" என்று கேட்டார்கள். முழங்கால் நோவால் வேளைக்கே வேலையை விட்டவன், நேரமில்லை என்று சொல்லவும் வழியில்லை.

இப்போது வீட்டைச் சூடாக்க வரும் காஸ் ஃபேர்னஸ்கள் வேறு மாதிரி. தமக்கு வேண்டிய காற்றை பிளாஸ்டிக் குழாயால் வெளியிலிருந்து இழுத்துக்கொள்கின்றன. புகையையும் தாமே வெளியே தள்ளிவிடுகின்றன. நச்சுக்காற்று வந்தால் கத்துவதற்குச் சுவரில் ஒரு கருவியும் இருக்கிறது. "முந்தி என்னெண்டு அண்ணை கண்டுபிடிச்சனீங்கள்?" என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவன் கேட்டான். முகம் பார்க்கிற கண்ணாடியால் என்றேன். சிரித்தார்கள். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்தேன். இரண்டு வருடம் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். மாலை வகுப்புக்குப் போனேன், பரீட்சையில் ஒரு முறை தவறினேன், மறுமுறை தேறினேன். பிறகு வீட்டு ஃபேர்னஸ்களைப் பரிசோதிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே தமிழன் நான் ஒருவன்தான்.

என்னைப் பழக்கியவர் டன்கன் என்ற மேற்பார்வையாளர். ஸ்கொட்லாந்துக்காரர், ஒல்லி, உயரம், பேச்சு மிகக் குறைவு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் தன் வீட்டுச் செருப்பைக் கொண்டுவருவார். வாசலில் பூட்ஸைக் கழற்றி அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பார். கதவைத் தட்டுமுன் வீட்டை ஒரு முறை சுற்றி நடப்பார். மழையோ பனியோ, சுற்றாமல் தட்டமாட்டார். ஃபேர்னஸ் முன்னால் போனதும் இரண்டு கைகளையும் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்பார். என்னையும் அப்படியே நிற்கச் சொன்னார். "கை முந்திக்கொண்டால் கண் சோம்பேறியாகிவிடும், சேவி" என்றார். சேவியர் என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்கினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் அவர் என்ன பார்க்கிறார் என்று எனக்கு விளங்க ஒரு குளிர்காலம் எடுத்தது. சுவாலை நீலமாக நிற்கிறதா, மஞ்சள் நாக்கு நீட்டுகிறதா. காற்றாடி ஓடத் தொடங்கியதும் சுவாலை நடுங்குகிறதா. நடுங்கினால் உள்ளே இரும்பில் எங்கோ வெடிப்பு. புகைக்குழாய் ஃபேர்னஸிலிருந்து சிம்னி வரை மேல்நோக்கிச் சரிந்து போகிறதா, நடுவில் தொய்ந்து கிடக்கிறதா. குழாய் மூட்டுகளில் வெள்ளைக் கறை இருக்கிறதா.

அதன்பிறகு கண்ணாடிச் சோதனை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் கால ஃபேர்னஸ், தான் நிற்கிற அறையின் காற்றையே எடுத்து எரியும். எரிந்த புகை தன் சூட்டினாலேயே குழாய் வழியே மேலே போக வேண்டும். குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு திறந்த வாய் இருக்கும். புகை மேலே போகாமல் திரும்பினால் அந்த வாயால் அறைக்குள் வழியும். அதில் இருக்கக்கூடியதுதான் காபனோரொட்சைட்டு, கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சுக்காற்று. பள்ளியில் பாடமாக்கிய பெயர். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, வயிற்றைப் பிரட்டிச் சத்தி, பிறகு நித்திரை. அந்த நித்திரையிலேயே போனவர்கள் உண்டு.

ஆகவே எல்லா யன்னலையும் கதவையும் சாத்தச் சொல்வோம். சமைக்கிற குசினியின் விசிறி, குளியலறை விசிறி, துணி உலர்த்தும் மெஷின், வீட்டிலிருந்து காற்றை வெளியே தள்ளுகிற எதுவென்றாலும் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிடுவோம். ஃபேர்னஸை எரியவிட்டு ஐந்து நிமிடம் கழித்து அந்த வாய் ஓரமாகச் சின்னக் கண்ணாடியைப் பிடிப்போம். கண்ணாடி தெளிவாக இருந்தால் புகை மேலே போகிறது. ஆவி படிந்தால் வீட்டுக்குள் வருகிறது. வந்தால் சிவப்பு அட்டை. அட்டையில் இரண்டு வகை. ஒன்று, இத்தனை நாளுக்குள் திருத்து என்பது. மற்றது, அந்த நிமிடமே காஸை மூடுவது. வெளியே எவ்வளவு குளிர் என்றாலும் மூடத்தான் வேண்டும்.

நம் ஆட்களின் வீடுகளில் நான் கண்டவை என்னைப் பல தடவை திடுக்கிட வைத்திருக்கின்றன. ஒரு வீட்டில் புகைக்குழாயைச் சுற்றி நூலில் கோத்த மோர்மிளகாய். "இஞ்ச வெயில் எங்க தம்பி, உதுதான் எங்கட வெயில்" என்றார் வீட்டுக்கார அம்மா. இன்னொரு வீட்டில், எரிவதற்குக் காற்று வரவென்று சுவரில் வைத்த குழாய்க்குள் இடுப்பில் கட்டுகிற ஒரு முழுச் சாரத்தைத் திணித்திருந்தார்கள். குளிர் வருகிறதாம். எழுத்துக்கு இவை நல்ல பகிடி. ஆனால் அந்த வீடுகளில் பிள்ளைகள் படுத்தெழும்பினார்கள்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

ஸ்காபரோவில், பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய செமி வீடு. சொந்தக்காரர் சிவபாதம் அண்ணை, யாழ்ப்பாணத்தவர், கணக்காளராக இருந்தவர். கடும் சைவம். ஒரு தை மாத வியாழக்கிழமை ஃபேர்னஸைப் பார்த்துத் தரும்படி கூப்பிட்டிருந்தார். அன்று காற்றோடு சேர்ந்த குளிர், கன்னம் மரத்துப்போகிற மாதிரி. நான் வீட்டைச் சுற்றி நடக்கவில்லை. நேரே கதவைத் தட்டினேன். அது முதல் பிழை.

உள்ளே சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. சாம்பிராணிக்கு அடியில் வேறொரு வாசமும் இருந்தது. பழைய இறைச்சிக் கறியின் வாசம், சுவரில் ஊறியது. சைவ வீட்டில் அந்த வாசம் ஏன் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"ஆர் கூப்பிட்டது? நானோ அவவோ?" என்று மனைவியைக் காட்டிச் சிவபாதம் அண்ணை சிரித்தார். "உவவுக்குத்தான் தம்பி, ஞாயிற்றுக்கிழமையெண்டால் தலைப்பாரம். ஃபேர்னஸைக் காட்டு காட்டு எண்டு ஒரே கரைச்சல்."

"ஞாயிறு மட்டுமோ அன்ரி?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. கோயிலுக்குப் போயிட்டு வந்து இருந்தால் தொடங்கிடும்."

"கோயிலில ஐயர் கனக்கக் கதைக்கிறார், அதுதான்" என்றார் அண்ணை. மூவரும் சிரித்தோம். நான் நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்றுக்கு இறங்கினேன்.

மேல்படிக் கதவின் விளிம்பு முழுவதும் தடித்த பஞ்சுப் பட்டி ஒட்டியிருந்தது. கீழே ஒரு பக்கம் ஃபேர்னஸும் தண்ணீர் சுடவைக்கும் தாங்கியும். மறுபக்கம் கம்பியில் ஒரு பச்சைச் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்குக் கீழே சின்னப் பிள்ளை ஒன்றின் ரோஸ் நிறப் பனிச் சப்பாத்து ஒன்று தெரிந்தது. ஒன்றுதான். மற்றதை அவசரத்தில் உள்ளே தள்ளியிருக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு குசினி இருக்கிறது, அதற்கு அனுமதி இல்லை, பரிசோதகர் வருகிறார் என்று அந்தக் குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், நானும் மனைவியும் மூன்று வருடம் அப்படியொரு திரைக்குப் பின்னால் இருந்தவர்கள். யாராவது சோதிக்க வருகிறார்கள் என்றால் எங்களையும் மோலுக்கு அனுப்பிவிடுவார்கள். வாங்க ஒன்றுமில்லாமல் இரண்டு மணித்தியாலம் கடைகடையாக நடப்போம்.

கையைப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். கண் முழுக்க அந்தச் சப்பாத்தில்தான் இருந்தது. பிறகு மேல்மாடி விசிறிகளையும் துணி உலர்த்தும் மெஷினையும் ஓடவிட்டேன். கண்ணாடியைப் பிடித்தேன். பளிச்சென்று இருந்தது. சுவாலை நீலம். குழாய்ச் சரிவு சரி. பத்திரத்தில் எல்லாப் பெட்டியிலும் 'சரி' என்று குறித்துக் கையெழுத்து வைத்தேன். திரையைத் தொடவில்லை. தொடாமல் விட்டதை அன்று நான் ஒரு நல்ல காரியம் என்று நினைத்தேன். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். என் மனைவி ஓர் இளம் பெண்ணோடு கதைத்துக்கொண்டிருந்தாள். யசிந்தா என்று பெயர், வந்து நாலு மாதம். பக்கத்தில் நாலு வயதுப் பெண்பிள்ளை. நான் வழக்கம்போல் சுவரோடு நின்றேன்.

"டொக்டர் நரம்பு எண்டவர் அக்கா. குளிசை தந்தவர்" என்று யசிந்தா சொல்வது கேட்டது. "வீட்டில இருக்கேக்க தலை சுத்தும், சத்தி வரும். இஞ்ச வந்து நிண்டால் ஒண்டுமில்லை. இவர் சொல்லுறார், நீ ஊரை யோசிச்சு யோசிச்சுத்தான் உப்பிடி ஆகுறாய் எண்டு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"இல்லை அக்கா, ஞாயிற்றுக்கிழமையிலதான் கூட. நானும் ஃபேர்னஸோ எண்டு யோசிச்சனான். ஆனா அண்டைக்கு ஃபேர்னஸ்காரன் வந்து எல்லாம் சரியெண்டு கையெழுத்து வைச்சிட்டுப் போனவனாம். அண்டைக்கு எங்கள மோலுக்கு விட்டிட்டினம். அப்ப என்ர தலையிலதான் பிழை."

மேசையில் கோப்பையை வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. "எந்த ரோட்டில இருக்கிறீங்கள்?" என்று கேட்டேன். சொன்னாள். திரையாகக் கட்டினது பச்சைச் சேலையோ என்று கேட்டேன். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"ஞாயிற்றுக்கிழமையில அங்க என்ன செய்யிறனீங்கள்?"

"இறைச்சி காய்ச்சிறது அண்ணை. மேல அவையள் சைவம். மணம் மேல வரக்கூடாது, வராட்டி நீங்கள் விரும்பினதைச் சாப்பிடுங்கோ எண்டு சொன்னவை. நல்ல ஆக்கள். அதுதான் இவர் தான் வேலை செய்யிற ரெஸ்டோரன்ரில கழட்டி எறிஞ்ச விசிறியைக் கொண்டுவந்து யன்னலில பூட்டினவர். பெரிய விசிறி. ஒரு சொட்டு மணம் நிக்காது."

ரெஸ்டோரன்ற் விசிறி. அடைத்து ஒட்டிய கதவு. அந்தச் சின்ன பேஸ்மென்றில் உள்ள காற்று முழுவதையும் அது யன்னலால் இழுத்து எறியும். குறைகிற காற்று எங்கிருந்து வரும்? சிம்னி வழியாக, புகையையும் சேர்த்துக்கொண்டு கீழே வரும்.

"இப்ப வீட்டில ஆர்?"

"இவர் நிக்கிறார். அன்ரன். நாங்கள் பூசையால போகேக்க கறி காய்ச்சி வைச்சிருப்பார்."

அவசர இலக்கத்துக்கு அடிக்கும்படி மனைவியிடம் அந்த வீட்டு விலாசத்தைச் சொன்னேன். அவள் மண்டபத்து அலுவலக அறைக்கு ஓடினாள். நான் வாசலில் இருந்த காசு போடும் ஃபோனுக்குப் போனேன். யசிந்தா இலக்கத்தைச் சொன்னாள். சிவபாதம் அண்ணைதான் எடுத்தார்.

"அண்ணை, நான் ஃபேர்னஸ் பார்க்க வந்த சேவியர். கீழ இருக்கிறவரை உடன வெளியில எடுங்கோ. கீழ காத்து நஞ்சாகியிருக்கும்."

"கீழயோ? கீழ ஒருத்தரும் இல்லைத் தம்பி."

"அண்ணை, அன்ரன் கீழ நிக்கிறார்."

"உமக்கு ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம். கீழ நாங்கள் சாமான்தான் போட்டு வைச்சிருக்கிறம். நீர் பார்த்தனீர்தானே."

பார்த்தேன்தான். அனுமதியில்லாத குடியிருப்பைப் பிடிக்கிற மாநகர சபையின் ஆளாக என்னை நினைத்துப் பேசுகிறார் என்பது விளங்கியது. நான் அன்று திரையைத் தொடாமல் அவருக்குக் கொடுத்த மரியாதையைத்தான் அவர் எனக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தார்.

"யசிந்தா என்ர பக்கத்தில நிக்கிறா" என்றேன். "பிள்ளையும் நிக்குது. ஃபோனைக் குடுக்கட்டோ?"

ஃபோன் விழுந்த சத்தமும் யாரோ படியில் ஓடுகிற சத்தமும் கேட்டன.

காரில் யசிந்தாவும் பிள்ளையும் பின்னால் இருந்தார்கள். இரண்டு சிக்னல் தாண்டியபின் சொன்னேன்: "தங்கச்சி, அண்டைக்கு வந்த ஃபேர்னஸ்காரன் நான்தான். எனக்கு அந்தத் திரை தெரியும். நான் பார்க்கேல்லை."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப என்ர தலையில பிழை இல்லையோ அண்ணை? எனக்கு விசர் இல்லையோ?"

வாகனத்தை ஓட்டினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சிவபாதம் அண்ணை டிரைவ்வேயில் பனிமேல் முழங்காலில் இருந்தார். பூசை வேட்டி, வெறும் மேல். பஞ்சுப் பட்டி ஒட்டிய கதவைப் பிய்த்து, தனியாக அன்ரனைப் படிகளால் இழுத்து ஏற்றியிருக்கிறார். அன்ரனின் தலை அவர் மடியில் கிடந்தது. அன்ரன் எடுத்த சத்தி அவருடைய நெஞ்சில் இருந்த விபூதி மேலெல்லாம் இருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. "மூச்சு இருக்குத் தம்பி, மூச்சு இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்ரி ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு யாரை மூடுவது என்று தெரியாமல் நின்றார்.

அம்புலன்சும் தீயணைப்புக்காரரும் வந்தார்கள். அன்ரனுக்கு மூக்கில் ஒட்சிசன் வைத்துக் கொண்டுபோனார்கள், யசிந்தாவும் கூடப் போனாள். அவன் பிழைத்தான். நாலைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாசிப்பவர்கள் என்னைப்போல் பதறக் கூடாது.

டன்கனுக்கு நானே அடித்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் வந்தார், கையில் செருப்புப் பையோடு. கதவுப் பக்கம் வராமல் வீட்டைச் சுற்றி நடந்தார். நானும் பின்னால் போனேன். பின்பக்கம் பேஸ்மென்ற் யன்னலுக்கு நேரே பனி ஒரு பாய் அகலத்துக்கு மஞ்சளாகியிருந்தது. எண்ணெய்ப் பசை. பத்து நாளுக்கு முன் வந்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கும். டன்கன் அதைக் கையால் காட்டினார்.

தீயணைப்புக்காரர் வீட்டைக் காற்றோட விட்டு, உள்ளே போகலாம் என்றபின் செருப்பை மாற்றிக்கொண்டு கீழே இறங்கினார். அந்தச் சேலையை ஒதுக்கினார். அடுப்பில் பாதி வெந்த ஆட்டிறைச்சி இருந்தது. அதற்கு மேலே, யன்னலை அடைத்த பலகையின் நடுவில், பெரிய தாம்பாளத் தட்டு அளவில் விசிறி. கதவுகளைச் சாத்தினோம். நச்சுக்காற்றை அளக்கும் கருவியைப் படியில் வைத்தார். ஃபேர்னஸை எரியவிட்டு, கண்ணாடியை என்னிடமே தந்தார்.

கண்ணாடி தெளிவாக இருந்தது. என் முகம் தெரிந்தது. டன்கன் விசிறியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியின் ஓரம் மங்கியது. பிறகு நடு. என் முகம் இல்லாமல் போனது. கன்னத்தில் சூடான ஈரக்காற்று அடித்தது. படியில் இருந்த கருவி கத்தத் தொடங்கியது. டன்கன் எல்லாவற்றையும் நிறுத்தி, கதவைத் திறந்து, என்னை வெளியே கூட்டிவந்தார்.

"அன்றைக்கும் இந்தத் திரை இருந்ததா?"

"இருந்தது."

"பின்னால் என்ன என்று தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். "தெரியும்" என்றேன். மோலில் நடந்து திரிந்த கதையையும் சொன்னேன். அவரோடு நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கைகளைப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும் சொன்னார்: "ஒரு வீட்டில் எத்தனை குசினி என்று எண்ண நம்மை யாரும் அனுப்பவில்லை, சேவி. விசிறி எத்தனை என்று எண்ணத்தான் அனுப்பினார்கள்."

அவ்வளவுதான். அவர் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மூன்று வருடம் நாங்கள் மோலில் நடந்ததும், சிவபாதம் அண்ணை ஃபோனில் ஆளே இல்லை என்றதும், நான் கண்ணை மூடிக்கொண்டதும், எல்லாம் இந்த மனுசன் கேட்கவே நினைக்காத ஒரு கேள்விக்குப் பயந்துதானா என்று அந்தப் பனியில் நின்று யோசித்தேன். மற்றவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று சொல்லமாட்டேன். இந்த மனுசன் கேட்டிருக்க மாட்டார்.

சிவப்பு அட்டையை என் கையால்தான் கட்ட வைத்தார். காஸை மூடினேன். என்னைப் பற்றிய அறிக்கையையும் எழுதினார், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

நாங்கள் வெளிக்கிடும்போது அன்ரி வாசலில் நின்றார். அந்தப் பெண்பிள்ளை அவருடைய இடுப்பில், ரோஸ் சப்பாத்து இரண்டும் போட்டபடி. வீடு ஆறிப்போயிருந்தது. உறவினர் வீட்டுக்குப் போக எல்லோரும் கோட் போட்டிருந்தார்கள்.

"அன்ரி, இனி அந்த விசிறி கூடாது" என்றேன்.

"விசிறி வேண்டாம் தம்பி" என்றார். "கதவும் திறந்து கிடக்கட்டும். இறைச்சி மணத்தால ஒருத்தரும் சாகேல்லை."

மறுநாள் திங்கட்கிழமை. அறிக்கைக்கு மேலிடத்துப் பதில் வருமுன்னே எனக்கு ஐந்து வீடுகள் தந்திருந்தார்கள். மூன்றாவது வீடு ரூஜ் என்ற பகுதியில், ஒரு தமிழ்க் குடும்பம். வீட்டைச் சுற்றி நடந்துவிட்டுக் கதவைத் தட்டினேன். பேஸ்மென்றில் பூப்போட்ட திரை ஒன்று தொங்கியது. கேட்டுவிட்டு விலக்கினேன். பின்னால் குளிர்காலக் கோட்டுகள்தான் இருந்தன.